மஞ்சள் பாக்கெட் மீ

கிள்ளான்,
வியாழக்கிழமை, ஆகஸ்டு 21.

அன்புள்ள மலர்,

நானும் குகனும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். பெர்த்தில் நீயும் பிரியாவும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிரைத் தாங்கி நல்லபடியாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் குட்டி அழுகிறாள், நீ பால் கலக்க ஓடுகிறாய், நானும் எல்லாம் ஓகே என்று சொல்லி வைத்துவிடுகிறேன். பதினொரு மாதமாக அதையே சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. முப்பது வருஷம் லோரி ஓட்டிய கை எழுதிய எழுத்து இது. பொறுமையாகப் படி.

லிஃப்ட் கெட்டு மூன்று வாரம் ஆகிறது. நான்கு மாடி ஏறி வருவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிடுகிறது. இருபத்தாறு வயதுக் குகனுக்கு ஒன்றுமில்லை, ஒவ்வொரு மாடியிலும் நின்று கம்பியைத் தட்டிவிட்டு வருகிறான். பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்கா செவ்வாய்க்கிழமைதோறும் தோசை கொடுத்துவிடுகிறார். மலர் எப்போது வருகிறாள் என்று கேட்கிறார். அடுத்த மாதம் என்கிறேன். தீபாவளியிலிருந்து அதைத்தான் சொல்கிறேன்.

இப்போது மீ விஷயத்துக்கு வருகிறேன். மதியம் என்ன போட்டாலும் குகன் சாப்பிட்டுவிடுவான், ராத்திரிக்கு மட்டும் அந்த மஞ்சள் பாக்கெட் கறி மீ நூடுல்ஸ்தான் வேண்டும். இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றவள் நீ, ஏழு வயதிலிருந்து பழக்கியவளும் நீ. அந்தத் தூளில் பாதிதான் போட வேண்டும் என்பதே, பிரியாவின் பிரசவத்துக்கு நீ போய் மூன்றாவது வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அவன் தட்டைத் தள்ளிவிட்டான் என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பாக்கெட் கடைகளில் இல்லை. கிள்ளானில் ஒரு கடை விடவில்லை. காப்பார் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போய், ஒரு பழைய மளிகைக்கடையில் தூசி தட்டி எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்தேன். அதுவும் தீர்ந்துகொண்டே வந்தது. அப்போதுதான் அந்தக் கடைக்காரர் சொன்னார், சுங்கை வேயில் ஒரு பழைய மீ தொழிற்சாலையை மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள், இதுவரைக்கும் வந்த எல்லாப் பாக்கெட்டும் அங்கே இருக்கிறது, போய்க் கேட்டுப் பாருங்கள் என்று. மீக்கு மியூசியமா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் வேறு வழியில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, குகனைக் கூட்டிக்கொண்டு கொமுட்டர் ரயிலில் போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தான். ஒரு தொந்தரவும் இல்லை. ஸ்ரீ செத்தியாவில் இறங்கி வெயிலில் இருபது நிமிடம் நடந்தோம். வாசலில் அவனுடைய ஓ.கே.யு. மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டியதும் டிக்கெட் வேண்டாம் என்று உள்ளே விட்டார்கள்.

உள்ளே ஒரு பெண் எங்களோடு வந்தாள். அஃப்ரின் என்று பெயர். நம் தமிழ் முஸ்லிம் பிள்ளை, காப்பாரில் வீடாம். மாவு பிசைகிற பழைய மிஷினைக் காட்டினாள். மீயை எண்ணெயில் பொரித்து எடுக்கிற தொட்டியைக் காட்டினாள், நம் லோரியின் பாதி நீளம் இருக்கும். குகன் எதையும் பார்க்கவில்லை. அடுத்த அறையில் சுவர் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் வருஷ வாரியாகப் பாக்கெட்டுகள். அங்கே போனதும் நின்றான். அவனுடைய மஞ்சள் பாக்கெட், அவன் கண் உயரத்துக்கே இருந்தது. அவன் சிரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும் மலர். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தான்.

நான் அஃப்ரினிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் யாருக்கோ போன் பண்ணிக் கேட்டாள். அந்த மீ இன்னும் வருகிறது, தூளும் அதேதான், பாக்கெட்டைத்தான் சிவப்பாக மாற்றிவிட்டார்கள், கண்ணாடிக்குள் இருப்பது வெறும் உறை, உள்ளே பஞ்சுதான் என்று சொன்னாள். நான் அவளிடம் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் குகன் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்திருக்கிறான். அலாரம் அடித்தது.

காது கிழிகிற சத்தம். அவனுக்குச் சத்தம் ஆகாது. நேப்பாளி காவலாளி ஒருவர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தார். அவர்மேல் குற்றமில்லை, அது அவர் வேலை. குகன் கையை உதறிவிட்டுத் தரையில் விழுந்துவிட்டான். தலையைத் தரையில் மோதத் தொடங்கினான். பின்னால் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாகச் சொல்லாதது. அவனுக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது, தீபாவளிக்கு முந்தின வாரம், தெங்கு கிளானா சாலையில் புடவைக்கடைக்கு முன்னால் அவன் இப்படி விழுந்தானே, ஞாபகம் இருக்கிறதா? காரை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று நான் போனேன். வர முக்கால் மணி நேரம் ஆனது. ஜாம் என்று சொன்னேன். ஜாம் இல்லை மலர். காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தேன். அது ஒரு தடவை இல்லை. கோயிலில், கிளினிக்கில், உன் தம்பி கல்யாணத்தில், எல்லா இடத்திலும் எனக்கு எடுத்துவர ஏதாவது ஒன்று இருந்தது. நீ தரையில் இருந்தாய், நான் வெளியே இருந்தேன்.

மியூசியத்தில் வெளியே போக எனக்குச் சாக்கு இல்லை. நீ செய்வதைத் தூரத்திலிருந்து பார்த்ததுதான் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் தெரபி சென்டருக்கு ஆறு வருஷம் சனிக்கிழமைதோறும் அவனைக் கூட்டிக்கொண்டு போய் அதைக் கற்றுக்கொண்டவள் நீ. என் சட்டையைக் கழற்றிச் சுருட்டி அவன் தலைக்கு அடியில் கொடுத்தேன். பிறகு பக்கத்திலேயே படுத்தேன். ஒரு காலை அவன் மேல் போட்டு, முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். முதலில் என் நெஞ்சில் முழங்கையால் இடித்தான். விடவில்லை. அவன் மூச்சு எப்படி வந்ததோ அப்படியே நானும் விட்டேன். அறுபத்தோரு வயதில், பனியனோடு, ஊரான் பிள்ளைகள் பார்க்க, மியூசியத் தரையில்.

பிள்ளைகளோடு வந்திருந்த மலாய் டீச்சர் அவர்களை எல்லாம் மறுபக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டார். யாரோ அலாரத்தை நிறுத்தினார்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. அவன் அடங்கியபோது நான் எழுந்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எழுந்திருக்க மனம் வரவில்லை. தரை குளிர்ச்சியாக இருந்தது. அப்படியே தூங்கிவிடலாம் போல இருந்தது. எனக்குப் பதினொரு மாதத்தில் இவ்வளவு அசதி என்றால் உனக்கு இருபத்தாறு வருஷத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று அங்கே படுத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டேன்.

அஃப்ரின் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, "பரவால லா அங்கிள், அவசரம் இல்ல. இங்க யாரும் வராம நான் பாத்துக்கிறேன், படுத்திருங்க," என்றாள். தண்ணீர் கொடுத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகத்தைத் துடைக்கிற மாதிரித் துடைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு மேல்மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வருகிறவர்கள் தாங்களே வெள்ளைக் கோப்பையில் படம் வரைந்து, அதில் மீ போட்டு மூடி எடுத்துக்கொண்டு போகலாம். மற்றவர்கள் பூனையும் பூவும் வரைந்துகொண்டிருந்தார்கள். குகன் பெட்டியில் தேடி மஞ்சள் பேனாவை எடுத்து, கோப்பை முழுக்க ஒரு இடம் வெள்ளையாகத் தெரியாமல் பூசினான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்தப் பெண் அவனை அவசரப்படுத்தவே இல்லை. அந்தக் கோப்பையை இன்னும் திறக்க விடவில்லை, தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான்.

கடைசி மஞ்சள் பாக்கெட் போன வாரம் செவ்வாய்க்கிழமை தீர்ந்தது. மறுநாள் சிவப்புப் பாக்கெட்டை வைத்தேன். தொடவில்லை. வியாழக்கிழமை ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன், சிவப்பில் இருந்ததை எடுத்துப் பழைய மஞ்சள் உறைக்குள் போட்டு டேப் ஒட்டினேன். அவன் டேப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, கோபப்படாமல், என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெள்ளிக்கிழமையும் பட்டினி. சனிக்கிழமை அவனே சமையலறைக்கு வந்தான். சிவப்புப் பாக்கெட்டைப் பிரித்துத் தண்ணீரில் போட்டான், கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் நின்றான், சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான். அவ்வளவுதான். அன்றிலிருந்து அதைத்தான் சாப்பிடுகிறான். அவனால் முடியாது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நீ போனதிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, நீ கிளினிக் வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு, குகன் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஏழு மணி வரைக்கும் நிற்பான். அம்மா நாளைக்கு வரும் என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு வருவேன். உனக்கு மனசு கஷ்டப்படும் என்று இதைப் போனில் சொல்லவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் நிற்பதில்லை. ஆறு மணிக்கு டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறான். ஐந்து நாள் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இது நல்ல செய்தியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

பிரியா என்னிடம் ஒன்று சொன்னாள், அவளைத் திட்டாதே. அங்கே நீ காலையில் எட்டு மணி வரைக்கும் தூங்குகிறாயாம். டிக்கெட் போடலாமா என்று அவள் கேட்டபோது நீ குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாயாம். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. முன்பு என்றால் வந்திருக்கும்.

வா என்று அழைக்க எனக்கு வாய் இல்லை மலர். நீ உட்காரவும் தூங்கவும் பாக்கி வைத்த வருஷங்கள் நிறைய. ஆனால் நானும் களைத்துவிட்டேன். ஒரு மாதத்துக்காவது வந்தால், குகனை ஒரு நாள் நான், ஒரு நாள் நீ என்று பார்த்துக்கொள்வோம். பிறகு திரும்பிப் போவதானாலும் போ, நானே விமான நிலையம் வரை கொண்டுவந்து விடுகிறேன். வரவே மனமில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுது. அவனிடம் நாளைக்கு என்று சொல்வதை நிறுத்திக்கொள்கிறேன்.

குட்டிக்குத் தாத்தாவின் முத்தம். பிரியாவும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நீ காலுறை போடாமல் தரையில் நடக்காதே.

எது எழுதுவதானாலும் பிரியாவைப் போனில் தட்டச் சொல்லாதே, உன் கையாலேயே காகிதத்தில் எழுது. குகனுக்குப் படிக்கத் தெரியாது. முகர்ந்து பார்ப்பான்.

உன்,
கார்த்திகேசு