ஏழுக்கு அடுத்து எட்டு

என் செல்ல நாத்தனார் ஜெயாவுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ பாதியில் விட்டுப்போன வேலை முடிந்துவிட்டது. சாயப் பட்டறையின் ஒன்பது தொட்டிகளில் எது எவ்வளவு சூடு என்பது இப்போது முதலாளி அறைக் கம்ப்யூட்டரில் தெரிகிறது. தெரிய வைத்தது உன் அண்ணிதான். நம்புகிறாயா? ஃப்யூஸ் போனாலே “ஜெயா, ஜெயா” என்று கூவியவள்தான்.

தொட்டிக்கு ஒரு கருவி மாட்டி, எல்லாவற்றையும் ஒரே ஒயரில் கோத்து வைத்தாய். அவை கம்ப்யூட்டரோடு பேசுவதற்குள் அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதே பட்டறையில் பட்டு நூல் உலர்த்திக்கொண்டிருந்த நான், முதலாளியிடம் போய் நின்றேன். “ஜெயா வேலைய நான் பாக்குறேன் சார்.” அவர் சிரிக்கவில்லை. “கொஞ்ச நாள் பாரும்மா. ஆவலன்னா சென்னையிலருந்து வேற ஆள வேலைக்கு வெச்சுக்குவேன்” என்றார். உன் நாற்காலியில் யாரோ ஒருவர் உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

உன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டேன். முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் போனில் வீடியோ பார்த்தேன். கருவிகள் கம்ப்யூட்டரோடு பேசும் முறைக்கு மாட்பஸ் என்று பெயராம், அது வாயில் நுழையவே பாடாய்ப் படுத்தியது. ஆனால் உள்ளே இருக்கும் சங்கதி, பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுப்பதுதான். கம்ப்யூட்டர் ஒரு எண்ணைக் கூப்பிடும். நீ அந்த எண் வைத்த கருவி மட்டும் பதில் சொல்லும். மற்றவை வாயை மூடிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். இதையெல்லாம் நீ யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய்?

மிச்சமிருந்த ஒரு கருவியை வீட்டில் அடுப்படியில் வைத்து, அதன் சென்சாரை டீ டம்ளரில் விட்டேன். இரண்டு ஒயரையும் இடம் மாற்றி முடுக்கியிருந்ததால் முதலில் பேச்சே இல்லை. சரிசெய்ததும் திரையில் எண் வந்து நின்றது. உன் அண்ணன் டம்ளருக்குள் விரலை விட்டு, சுட்டுக்கொண்டு, “கரெக்டாத்தான் காட்டுது” என்றார். அந்த டீயை யாரும் குடிக்கவில்லை.

பட்டறையில்தான் மாட்டிக்கொண்டேன். முதலாளிக்கு எட்டு ஆகாது என்பது உனக்குத் தெரியும். சனியின் எண் என்று பயந்து, தொட்டிகளுக்கு மேலே சுவரில் ஏழுக்கு அப்புறம் ஒன்பது, பத்து என்றுதான் எழுதிவைத்திருந்தார். நானும் சுவரில் உள்ளபடியே கூப்பிட்டேன். ஒன்று முதல் ஏழு வரை சமர்த்தாகப் பதில் சொன்னன. ஒன்பதும் சொன்னது. பத்து மட்டும் வாயே திறக்கவில்லை. ஒயரை மாற்றினேன், திருகாணிகளை எல்லாம் மறுபடி முடுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. திங்கட்கிழமை சென்னை ஆள் வருவார் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை, ஒன்பதாம் தொட்டியில் வேலை செய்யும் முருகன் என் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். “இன்னாக்கா இது? என் தொட்டி இன்னும் பச்சத்தண்ணியாத்தான் இருக்குது. இது எம்பதுன்னு காட்டிக்கினு இருக்குது.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். சூடாக இருந்தது பக்கத்துப் பத்தாம் தொட்டி. அதில் அரக்குச் சாயம் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதன் சென்சாரை வெளியே தூக்கிப் பிடித்தேன். “ஒம்போது எறங்குதுக்கா” என்று முருகன் அங்கிருந்து குரல் கொடுத்தார். ஆக, சுவரில் பத்து என்று இருக்கும் தொட்டிக்கு நீ வைத்த எண் ஒன்பது. அப்படியானால் முருகனின் தொட்டிக்கு?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பார்த்து எண் வைக்கிற ஆளா நீ? எட்டைக் கூப்பிட்டேன். உடனே பதில் வந்தது, இருபத்தெட்டு டிகிரி என்று. நான் ஜெயித்துவிட்டேன், ஜெயா. சாயத் தண்ணீர் ஓடும் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம் தாங்கவில்லை, அதைச் சொல்ல நீயும் இல்லை.

முதலாளி வந்து ஒவ்வொரு தொட்டியின் சூட்டையும் திரையில் சரிபார்த்தார். அங்கேயே போனை எடுத்து, சென்னை ஆளை வர வேண்டாம் என்றார். “இனிமே நீயே பாத்துக்கோம்மா” என்றவர், போகிற போக்கில் நின்றார். “அந்த எட்ட மட்டும் மாத்திடு.”

“அது ஜெயா வெச்ச நம்பரு சார். நான் மாத்த மாட்டேன்” என்றேன். எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. “செவுரு ஒண்ணு சொல்லி, மெஷினு ஒண்ணு சொன்னா, பட்டுதான் சார் கெட்டுப்போவும்.”

பட்டு என்றதும் அவர் முகம் மாறியது. “முருகா, பெயிண்ட் டப்பா எடுத்துக்கினு வாப்பா. செவுத்துல மாத்தி எழுது” என்றார்.

இப்போது சுவரில் ஏழுக்கு அடுத்து எட்டு இருக்கிறது. நான் அந்தப் பட்டறையில் இருக்கும்வரை அதை ஒருவரும் அழிக்க விடமாட்டேன். இது சத்தியம்.

உன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதும்,
உன் அண்ணி மல்லிகா