நம்ம காசு

மார்ச் 3

கீழ்க் கடைவாய்ப் பல் நேற்றிலிருந்து உயிரை வாங்குகிறது. பல் டாக்டர் பார்த்தார். வேர் சிகிச்சை செய்தால் பல் பிழைக்கும், தள்ளிப்போட்டால் பிடுங்கத்தான் வேண்டும் என்றார். எவ்வளவு ஆகும் என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கி வந்து அண்ணனிடம் காட்டினேன். "நம்ம காசெல்லாம் இப்ப வீட்டு வேலையில முடங்கிக் கிடக்கும்மா. அடுத்த மாசம் பாப்போம்." வலி மாத்திரைக்கு மட்டும் கொடுத்தார். மீதிச் சில்லறையை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சம்பாதிக்கிறவள் நான். இதை எழுதும்போதே கை கூசுகிறது.

மார்ச் 4

வலி.

மார்ச் 9

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துவைக்கப் போடுமுன் பைகளைத் துழாவுவது என் வேலை. இன்று ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டில் ஆறு நோட்டு. பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மாடி ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். ஒரு வார்த்தை— விடு.

இஸ்திரி உருளையில் எனக்கு எதிர்ப்பக்கம் போர்வை பிடிக்கிறவளுக்கு ரேடியோ என்று பேர், வாய் ஓயாது. "ஊரான் காசுக்கு இவ்ளோ கறாரா இருக்கியே, உன் சம்பளம் எவ்ளோடி?" என்று கேட்டாள். போன வருஷம் கூட்டினார்கள். எவ்வளவு என்று தெரியாது. சம்பளம் பேங்கில் விழுந்த செய்தி அண்ணன் போனுக்குத்தான் போகும். ஏ.டி.எம். கார்டும் அவரிடம். அப்பா இறந்தபோது, "உனக்கெதுக்கு இந்த அலைச்சல்?" என்று வாங்கிவைத்துக்கொண்டார். பதினாறு வருஷம்.

பிடுங்கிக்கொண்டார் என்று சொல்ல முடியாது. நான்தான் நீட்டினேன். சௌகரியமாக இருந்தது. காசே கையில் இல்லாதவள் காசு விஷயத்தில் எப்படித் தப்புப் பண்ணுவாள்? கேட்டால் கொடுப்பார், கேட்காவிட்டால் நல்ல பெண். கேட்காமல் கேட்காமல் நாற்பது வயதாகிவிட்டது.

மார்ச் 15

புது வீட்டைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். சுவர்ப் பூச்சு இன்னும் காயவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். அதன் வாசலில் நான் நின்றதைப் பார்த்துவிட்டு அண்ணன் தோளைத் தட்டினார். "ஒண்ணும் யோசிக்காத. எங்க வீட்டுல நீ எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கலாம்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்க வீடு. என்னிடமே! ரேடியோவிடம் பேசும்போது 'எங்க வீடு' என்றால் சரி, அவள் வெளி ஆள். கூடப்பிறந்தவளிடம் 'எங்க' என்பார்களா? காசு என்றால் நம்ம. வீடு என்றால் எங்க. ஒரே சொல்லில் என்னை வெளியே நிறுத்திவிட்டான். ஆமாம், நிறுத்திவிட்டான். இன்றைக்கு மரியாதை வராது.

மார்ச் 16

எங்க, நம்ம, எங்க, நம்ம. உருளை சுற்றுகிற சத்தமும் அப்படியேதான் கேட்கிறது.

மார்ச் 18

அரை நாள் லீவு போட்டு பேங்க் போனேன். புதுக் கார்டு வேண்டும் என்றதும் கவுன்ட்டரில் இருந்தவர், "பழசு தொலைஞ்சிடுச்சா?" என்றார்.

"இல்ல, வீட்ல இருக்கு. நம்ம கார்டுதான்..."

"யாரோட கார்டும்மா?"

அவருக்கு அது அன்றாடக் கேள்வி. என்னை இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. "என்னோடது."

பழைய கார்டை நிறுத்தினார். என் போன் நம்பரைப் பதிந்தார். மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன், எழுதிக் காட்டினார். பதினாறு வருஷ மிச்சம் ஒரு பல்லுக்குக்கூடக் காணாது.

ரகசிய எண் போடச் சொன்னார். அண்ணன் பிறந்த நாள், அண்ணன் பிள்ளைகள் பிறந்த நாள், அப்பா இறந்த தேதி எல்லாம் வரிசையாக வந்தன. எனக்கென்று ஒரு நாலு இலக்கம் தோன்றவில்லை. பின்னால் நின்றவர் இருமினார். கடைசியில் என்ன போட்டேன் என்பதை இங்கேகூட எழுத மாட்டேன்.

மார்ச் 20

பெயின்ட் கடையிலிருந்து அண்ணன் போன். "கார்டு வேலை செய்யல. கடைக்காரன் முன்னாடி மானம் போச்சு."

"நிறுத்திட்டேன்ணே."

"யாரைக் கேட்டு?"

யாரைக் கேட்டா? என் சம்பளம்டா அது. பதினாறு வருஷம் யார் யாரோ ரத்தத்தையும் சீழையும் அலசின காசுடா. — இதெல்லாம் இங்கேதான். போனில் நான் சொன்னது, "பல்லு வலிக்குதுண்ணே."

வீட்டில் அவர் முகம் கொடுக்கவில்லை. அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீ எப்பவோ கேட்டிருக்கணும். எனக்குத் தெரியும். சொன்னா என் வீட்டுச் செலவு இடிக்கும், அதான் வாயத் திறக்கல." இந்த வீட்டில் யாரும் என்னிடம் இவ்வளவு உண்மை பேசியதில்லை. கோபப்படக்கூட முடியவில்லை.

மார்ச் 31

சம்பளச் செய்தி என் போனுக்கு வந்தது. உருளையை நிறுத்திவிட்டு ஐந்து தடவை படித்தேன். "என்னடி, காதல் கடிதமா?" என்றாள் ரேடியோ. ஆமாம் என்றேன்.

மாலையில் பல் டாக்டர். காலம் கடந்துவிட்டது, பிடுங்கிவிட்டார். பிடுங்குவது மலிவு, அண்ணன் கேட்டால் லாபம் என்பார். வாயில் பஞ்சோடு நானே பணம் கட்டினேன், மீதியை நானே வாங்கினேன். எதையோ திருடியதுபோல அவசரமாகப் பைக்குள் திணித்தேன்.

ஏப்ரல் 2

வீட்டுச் செலவில் என் பங்கை அண்ணி கையில் கொடுத்தேன். அண்ணன் பார்த்துவிட்டார். "உன் காசு ஒண்ணும் எங்களுக்கு வேணாம்." சுருக்கென்று தைக்கத்தான் சொன்னார். ஆனால் உன் காசு என்று அவர் வாயில் வந்தது இதுதான் முதல் தடவை. அண்ணி கையை மூடிக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

மே 6

அவர்கள் புது வீட்டுக்குப் போய் எட்டு நாளாகிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஓர் அறை எடுத்துவிட்டேன், கதவு முழுக்கத் திறக்கிறது. ஒரு மேஜை விளக்கு வாங்கினேன். தேவையா, தேவையா என்று கடையில் அரை மணி நேரம் நின்றேன். தேவையில்லைதான். வாங்கிவிட்டேன்.

மே 19

அண்ணன் போன். "நம்ம வீட்டுக்கு எப்பம்மா வர்ற?"

நம்ம வீடு. காது குளிர்ந்தது, பொய் சொல்வானேன். இரண்டு மாதமாக இந்த ஒரு சொல்லுக்குத்தானே ஏங்கிக் கிடந்தேன். அடுத்த மூச்சிலேயே, "வாசலுக்கு இரும்புக் கேட்டு ஒண்ணுதான் பாக்கி. நீ மனசு வெச்சா இந்த மாசமே..." என்றார்.

"ஞாயித்துக்கிழமை வரேன்ணே. உங்களயெல்லாம் பாத்துட்டுப் போக."

எவ்வளவு வேணும்ணே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல் போன பள்ளத்தில் நாக்கை வைத்து அழுத்திக்கொண்டேன்.