நூற்றெட்டு கருவிகளும் ஒரு சாவியும்

2025 பிப்ரவரி 2, ஞாயிறு, காலை 10.40. ஷெட்டில் உள்ள கருவிகள்: 108. உருப்படியானவை: மூன்று.

நூற்றெட்டும் ஜெயக்குமார் மாமா உபயம். அக்கா புருஷன், திட்டவும் முடியாது.

“ஆஃபர்ல வந்துச்சுடா முத்து. நூத்தியெட்டு பீஸ்!”

“அதான் மாமா, பீஸ் பீஸா வருது.”

முதல் திருகிலேயே ஸ்க்ரூடிரைவர் நுனி முறுக்கிக்கொண்டது. எண்ணிக்கை பார்த்து வாங்க இது என்ன நூற்றெட்டுப் போற்றியா? நல்ல ஸ்பேனர் ஆறு இருந்தால் போதும். மீதி நூற்றிரண்டும் அட்டைப்பெட்டிக்கு அழகு.

இந்த மாசக் கடைசியில் மாமாவுக்குக் கார் வருகிறது. அதை நிறுத்த எங்கள் ஷெட்டைக் கேட்கிறார். அப்பா சொல்லிவிட்டார்: “சேலைக் கடை ஆர்டர் நாலு இரும்பு ஸ்டாண்டையும் அதுக்குள்ள முடிச்சுக் காட்டு. இல்லன்னா ஷெட்டுல கார் நிக்கட்டும்.”

பிப்ரவரி 4

முதலில் வாங்க வேண்டியது இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ். அதுவும் கனமானது. பிளைவுட் மேசையில் வைஸைப் பூட்டி இழுத்தால் மேசைதான் நடக்கும். மேசையைக் கல் சுவரோடு போல்ட் போட்டுவிட்டேன். யூடியூபில் ஒருவன் பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்து இரும்பு அறுக்கிறான். நாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். நாடு உருப்படும்.

பிப்ரவரி 6

இரும்பு அறுக்கும் கிரைண்டரை வாசலோரம் வைத்தேன். காற்று, வெளிச்சம் இரண்டும் அங்கேதான். மாமா வந்தார்.

“உள்ள தள்ளி வைடா. பொறி தெருவுல கொட்டுது பாரு.”

நூற்றெட்டு பீஸ் வாங்கியவர் எனக்குப் பாடம் நடத்துகிறார். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தது நானா, அவரா?

மூன்று ஸ்டாண்டு முடிந்தது.

பிப்ரவரி 8, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

காலை ஆறு மணிக்கே கிரைண்டரைப் போட்டேன். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான் — பாதுகாப்புன்னா நான்தானே! எதிர் வீட்டுக் கமலாட்சி அக்கா பாவு போட்டது தெரியல. கல்யாணப் புடவைக்கான பட்டு இழை மொத்தமும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்காங்க. என் பொறி நேரா அதுமேல. முடி பொசுங்கின நாத்தம் வந்தப்புறம்தான் நிமிர்ந்தேன்.

“நிறுத்துடா! பாவுடா, பாவு!”

ஓடிப்போய் அக்கா முன்னால நின்னேன்.

“கண்ணாடி போட்டுக்கினியே, கண்ணை எங்கப்பா வச்சே?”

இந்தத் தெருவுல பொறந்து வளந்தவன் நான். விடிஞ்சா பாவு போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?

அப்பா ஷெட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 9

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 10

கமலாட்சி அக்கா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார்:

“ஷெட்டைப் பூட்டி வச்சுட்டா என் இழை சேந்துடுமாண்ணா? அவன் வேலையை அவன் செய்யட்டும். சாவி மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்.” என் பக்கம் திரும்பினார். “நான் பாவு சுருட்டினப்புறம் வந்து வாங்கிக்கோ. அதுவரைக்கும் கூட வந்து இழை எடுத்துக் குடு. சும்மாதானே நிக்கப் போறே?”

அப்பா சாவியைக் கொடுத்துவிட்டார். அக்கா கையில்.

இனி செய்ய வேண்டியவை:

1. நாளை ஐந்தரைக்கு அக்கா வீடு. இரும்புத்தூள் படாத சட்டை. நகம் வெட்ட வேண்டும், பட்டு மாட்டும்.
2. கிரைண்டர் பின்சுவருக்கு. முன்னால் ஆளுயரத் தகரம்.
3. நாலாவது ஸ்டாண்டில் ஒரு கால் பாக்கி.
4. மாமாவிடம் அவர் சொன்னது சரி என்று சொல்ல வேண்டும். கிரைண்டர் விஷயத்தில் மட்டும்.
5. பாவு சுருட்டியதும், “அக்கா, சாவி.” அதற்கு முன்னால் கேட்கக் கூடாது.