முள் அசையாத கேஜ்

மார்ச் 3

என் நீதிபதி அம்மாவுக்கு,

நாங்கள் செய்த புது இன்ஜினை உன் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியாகிவிட்டது. மனைவியிடமே அனுப்பலாமா என்று தயங்கினேன். மேலாளர் சிரித்தார்: “அந்தம்மாவா? சொந்தப் புருஷன்னா இன்னும் ரெண்டு மார்க் குறைப்பாங்க!”

மற்ற இன்ஜின்கள் மெதுவாக ஓடும்போது த்ராட்டில் என்ற தகடு காற்றின் வழியை அடைத்துக்கொள்கிறது. பிஸ்டன் திணறித் திணறி இழுக்கிறது. பெட்ரோல் வீணாவது அங்கேதான். இதில் த்ராட்டில் திறந்தே கிடக்கும். காற்றை உள்ளே விடும் வால்வே தேவைக்கேற்பக் கொஞ்சமாகவோ அதிகமாகவோ திறக்கும்.

தேறாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள், வீட்டோடு வந்துவிடுவேன். தேறினால் இன்னும் மூன்று வருடம் இங்கேதான்.

உன்னவன்

மார்ச் 17

அன்புள்ளவருக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? “அப்பா வந்துடுவாரில்ல?” என்று மகள் தினமும் குடைகிறாள். எனக்கும் அந்த ஆசைதான், மறைப்பானேன்.

இன்ஜின் ஓடுகிறது. ஆனால் காற்றுக் குழாயின் வெற்றிடத்தைக் காட்டும் கேஜில் முள் அசையவே இல்லை. “செத்துப்போச்சு மேடம்” என்றார் மெக்கானிக். மாற்றினோம். புதியதும் அப்படியே. கேஜின் ரப்பர் குழாயைச் செருக மறந்துவிட்டீர்களா? உங்களுக்கு அது புதிதல்ல.

உங்கள் மனைவி

மார்ச் 24

நீதிபதி அம்மா,

குழாயை நானே செருகித்தான் அனுப்பினேன். த்ராட்டில் திறந்தே கிடக்கிறது; இழுபறியே இல்லாதபோது வெற்றிடம் ஏது, முள் எதைக் காட்டும்? பாவம், நல்ல கேஜைத் தூக்கி எறிந்துவிடாதே.

உன்னவன்

ஏப்ரல் 6

அன்புள்ளவருக்கு,

உங்கள் பதிலை நம்பாமல் உள்ளே சிறு கேமராவை விட்டுப் பார்த்தேன். இன்ஜின் சும்மா ஓடும்போது வால்வு நகக்கனம்தான் எழும்புகிறது. வேகம் கேட்டால் அடுத்த சுற்றிலேயே அகலத் திறக்கிறது. கேட்ட அளவு, அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை. இத்தனை வருடமும் இன்ஜின் என்றால் முட்டி மோதி இழுப்பது என்றே நினைத்திருந்தேன். இது மூச்சு விடுகிறது.

நூற்றுக்கு ஒன்பது பங்கு பெட்ரோல் மிச்சம். மறுபடி மறுபடி ஓட்டினேன். குறை தேடினேன், கிடைத்துவிடாதா என்று ஆசையோடுகூடத் தேடினேன். இல்லை.

‘தேறியது’ என்று கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். மகளிடம் நானே சொன்னேன். “ஒரு பொய் சொல்லக்கூட உனக்குத் துப்பில்லையாம்மா?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அலமாரியில் உங்களுக்காக ஒழித்து வைத்திருந்த தட்டில் என் புத்தகங்களைத் திரும்ப அடுக்கிவிட்டேன்.

உங்கள் மனைவி