புகை எங்கே போகும்

ஜனவரி 14, 2025, செவ்வாய். காலை 8.40. அறைகள்: 24.

கணினி மாதிரி முடிந்தது. யஸ்த் நகருக்கு அப்பால், பாலைவன வழியில், ஒட்டகங்களோடு வந்த வணிகர்கள் தங்கிய பழைய பாரசீகச் சத்திரம். நடுவில் முற்றம், நாலு பக்கமும் உயர்ந்த வளைவு மண்டபம், தெற்கில் பன்னிரண்டு அறை, வடக்கில் பன்னிரண்டு. வடக்கு பாதிக்கு மேல் இடிந்து கிடக்கிறது. தெற்கின் லேசர் ஸ்கானைத் திருப்பிப் போட்டு நிரப்பினேன். இருபது நிமிட வேலை. சமச்சீரான கட்டடம்தானே?

வெள்ளிக்கிழமை, என் வேலை நிரந்தரமா என்று இங்கே ஆய்வுக்கூடத்தில் முடிவெடுப்பார்கள். சனிக்கிழமை, அங்கே மேசன்மார் என் வரைபடத்தைப் பார்த்துக் கட்டத் தொடங்குவார்கள்.

ஜனவரி 15, புதன்

காலை வீடியோ அழைப்பு. தலைமை மேசன் ஹொசைன் வரைபடத்தைப் புரட்டிவிட்டு, உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்: “புகை எங்கே போகும்?”

“என்ன புகை? அடுப்பே இல்லையே.”

சிரித்தார். “தெற்கு கோடைக்கு. வடக்கு அறைகள் குளிர்காலத்துக்கு. தெற்கு வெயிலைப் பார்த்துக் கட்டியது. தீ இல்லாமல் எப்படித் தூங்கினார்கள், எஞ்சினியர்? ஒட்டகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டா?”

எரிச்சல். தரவைப் பாருங்கள் என்று சொல்லி அழைப்பை வெட்டினேன்.

மத்தியானம் நானே பார்த்தேன், வடிகட்டாத ஸ்கானை. வடக்கில் இன்னும் நிற்கும் ஐந்து அறைகளிலும், பின்சுவரில், ஒரே உயரத்தில் சிதறல் புள்ளிகள். கரி படிந்த சுவரிலிருந்து லேசர் ஒழுங்காகத் திரும்பி வராது. வந்த கொஞ்சத்தையும் குப்பை என்று மென்பொருள் தள்ளிவிட்டது. மென்பொருளா? எதைத் தள்ளுவதென்று அளவு வைத்தவன் நான்.

இத்தனை காலம் ஆட்கள் குளிர்காய்ந்த இடம் —

ஜனவரி 16, வியாழன்

வேலையிடத்தில் சொல்லவில்லை.

வேலை முடிந்து, பியர்பொன்ட்ஸில் உள்ள வீட்டுக்கு, அயல்வீட்டு உதயன் அண்ணையின் காரில் வந்தேன். துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறவர். அவரிடம் சொன்னேன்.

“கொண்டெய்னரை மாறி ஏத்திப்போட்டு, கப்பல் வெளிக்கிடட்டும் எண்டு வாயை மூடிக்கொண்டிருப்பமோடா?”

“நாளைக்கு முடிவு வந்த பிறகு சொல்லலாம் அண்ணை.”

“சொல்லன். சனிக்கிழமை அவங்கள் கட்டட்டும், ஞாயிற்றுக்கிழமை நீ போய் இடி.”

ஒன்றும் விளங்காத மனுசன். இல்லை, விளங்கின மனுசன். அதுதான் கோவம்.

ஜனவரி 17, வெள்ளி

காலை 9.15. எங்கள் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் அனுசூயா, சென்னைக்காரி, குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே மறித்துச் சொன்னேன்.

“பதினோரு மணிக்கு உன் வேலை பத்தின கமிட்டி. இதை இப்பதான் சொல்லணுமா?”

“ஓம்.”

“எப்ப தெரியும்?”

“புதன்கிழமை.”

“ரெண்டு நாள் என்னப்பா பண்ணிட்டிருந்தே?”

அவர் கோட்டைக் கழற்றினார்.

“முதல்ல ஹொசைனுக்குப் போன் போடு. நீயே பேசு.”

பேசினேன். நிறுத்தச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன், அவசர அவசரமாக. “செங்கல் எங்கேயும் ஓடிவிடாது” என்றார் ஹொசைன். அவ்வளவுதான்.

ஜனவரி 20, திங்கள்

நிரந்தரம் இல்லை. இன்னும் ஆறு மாதம் தற்காலிகம்.

அனுசூயா கடிதத்தை மேசையில் வைத்தார். “தப்பு பண்ணினதுக்கு இல்ல. அந்த ரெண்டு நாளுக்கு.”

சரிதான்.

இனி:

1. வடக்குப் பக்கத்தை முழுதாக அழிப்பது.
2. நிற்கும் ஐந்து அறைகளை மட்டும் வரைபடத்தில் கீறுவது, கணப்படுப்போடு.
3. மற்ற ஏழின் இடத்தில் “தெரியாது” என்று எழுதுவது.
4. ஹொசைனை அழைப்பது. இடிபாட்டில் எந்தெந்தச் செங்கலில் கரி இருக்கிறது என்று கேட்பது. அவர் சொல்லி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது.