பக்கத்து இருக்கையின் எடை

துடியலூர்,
28 அக்டோபர், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அக்ஷிதா அம்மணிக்கு,

நாய்னா எழுதுவது. இங்கே நானும் தாத்தாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மெல்போர்னில் நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும், அங்கே குளிர் விட்டதா, உன் இருமல் நின்றதா என்று எழுது. வீட்டில் நாம் தெலுங்கு பேசினாலும் அதை எழுத உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, எழுத்து என்றால் நமக்குத் தமிழ்தான். சனிக்கிழமை வகுப்பில் நீ படிக்கிற தமிழுக்கு இந்தக் கடிதம் கொஞ்சம் அதிகம், புரியாத இடத்தை அம்மாவிடம் கேள். அவளும் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். போனில் பேசினால் எனக்கு வாய் முந்திக்கொள்கிறது, ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதுதான். அதனால் பேனாவை எடுத்தேன்.

முதலில் ஊர்ச் செய்தி. தீபாவளி முடிந்து ஒரு வாரமாக மழை, ஷெட்டுக்கு முன்னால் கணுக்கால் அளவு தண்ணீர். தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது நன்றாகத் தெரிகிறது என்பதுதான் தொந்தரவு, ஷெட்டுக்கு வந்து ஒவ்வொரு மூலையாகத் தூசியைக் காட்டுகிறார். நீ பேர் வைத்த பூனை போல்ட் மூன்று குட்டி போட்டிருக்கிறது, போட்ட இடம் ஸ்டெப்னி டயருக்குள், அதனால் ஸ்டெப்னி இல்லாமல்தான் கார் ஓட்டுகிறேன். ஆமாம், சிவப்புக் கார் ஓடுகிறது. ஆறு வருடம் துண்டு துண்டாகக் கிடந்ததே, நீ உள்ளே உட்கார்ந்து வெறும் ஸ்டியரிங்கைத் திருப்பி ஊட்டிக்குப் போய் வந்தாயே, அதே கார். கூரை கிடையாது, கதவு முழங்கால் உயரம், இருக்கை இரண்டே இரண்டு. சீட் தைத்தது கோட்டைமேட்டு அப்துல் மஜீத் பாய். உன்னைப் பற்றி விசாரிக்காமல் அவர் ஒரு நாளும் இங்கே டீ குடித்ததில்லை.

இதைப் போனில் உனக்குச் சொல்லத்தான் நினைத்தேன், அதற்குள் சண்டை வந்துவிட்டது. இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் சாய்கிறோம் இல்லையா, காரின் எடையும் அப்படித்தான் முன்னால் சாயும். முன் சக்கரம் தரையை நன்றாக அழுத்தும், பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தை அளவுக்கு மேல் பிடித்தால் அது உருளாமல் நின்று வழுக்கும், வழுக்கினால் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும், கார் பம்பரமாகும். அதனால் முன் பிரேக்குக்கு அதிகம், பின் பிரேக்குக்குக் குறைவு என்று பங்கு பிரிக்க வேண்டும். ரொம்பக் குறைத்தாலும் தப்பு, பின் சக்கரம் சும்மா கூட வரும், நிற்கிற தூரம் கூடிவிடும். இந்த மாதிரி பழைய காரில் இந்தப் பங்கைத் தானாகப் பார்த்துக்கொள்ள எந்தக் கம்ப்யூட்டரும் கிடையாது. பெடலுக்குப் பின்னால் நானே ஒரு குறுக்குக் கம்பி செய்து போட்டிருக்கிறேன், அதில் ஒரு திருகு, அதைத் திருப்பினால் காலின் பலம் முன்னுக்கோ பின்னுக்கோ கூடும். எவ்வளவு திருப்புவது என்பதுதான் வேலையே. அது காருக்குள் எவ்வளவு எடை இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தக் காரில் இருக்கை இரண்டும் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், அதனால் யாராவது ஏறி உட்கார்ந்தால் அந்த எடை பெரும்பாலும் பின்னால்தான் இறங்கும்.

டிசம்பரில் நீ வருகிறாய் என்று முடிவு செய்துகொண்டு பக்கத்து இருக்கையில் உன் எடைக்கு ஒரு மணல் மூட்டை வைத்தேன். ஷெட் சுவரில் நான் எழுதி வைத்திருக்கிறேனே, கடைசியாக நீ வந்தபோது எடைமேடையில் ஏற்றி நிறுத்திப் பார்த்தது, 24.5 கிலோ. மூட்டையை அதே எடைக்கு நிறுத்தேன். மஜீத் பாய் சீட்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் மூட்டையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “ஏனுங்க தம்பி, ரெண்டு வருசமா அம்மணி அங்க சோறே உங்கலீங்களா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ வளர்ந்திருப்பாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் எண் என்று கையில் இருந்தது அது ஒன்றுதான். அம்மாவைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும், கேட்கவில்லை. பதினொரு வயதுப் பெண்பிள்ளையின் சராசரி எடை என்று இணையத்தில் தேடி எடுத்து மணலைக் கூட்டினேன். சொந்த மகளின் எடையைச் சராசரியில் பார்த்தவன் நான், இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பிறகு ஒரு பழைய மில்லின் காலி மைதானத்தில் தண்ணீர் அடித்து, போனைக் கல்லில் சாய்த்து வீடியோ எடுத்து, எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று முப்பது தடவையாவது பார்த்து, அந்த மூட்டைக்குச் சரியாகத் திருகை நிறுத்தினேன். பின் பிரேக்குக்கு எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவு கொடுத்தாயிற்று, அதற்கு மேல் ஒரு நூல் கூட இடமில்லை. அவ்வளவு அருமையாக நின்றது கார். உன்னோடு போகிற மாதிரியே இருந்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், மூட்டைக்கு சீட் பெல்ட் கூடப் போட்டிருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். நீ, டிசம்பரில் நீச்சல் கேம்ப் இருக்கிறது, நான் வரவில்லை நாய்னா என்றாய். நான் என்ன ஏது என்று கேட்டிருக்க வேண்டும். சரி வராதே என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த கையோடு மூட்டையைத் தூக்கி மழையில் போட்டேன், காரை எடுத்துக்கொண்டு எங்கே போகிறோம் என்று இல்லாமல் கிளம்பினேன். திருகைத் தொடவில்லை. ஒரு கத்துக்குட்டி மெக்கானிக் செய்தால் நான் வேலையை விட்டு அனுப்பிவிடுகிற தப்பு அது. கருமத்தம்பட்டியில் பெரிய ரோட்டை விட்டு சோமனூர்ப் பக்கம் திரும்பி ஒரு கிலோமீட்டர் இருக்கும், ஒரு தறிக் கொட்டகையிலிருந்து மொபெட்டில் ஒருவர் குறுக்கே வந்தார். பிரேக் போட்டேன். பின்பக்கம் ஒரே வீச்சில் சுற்றி வந்துவிட்டது. மொபெட்காரருக்கு ஒன்றும் இல்லை, எனக்கும் ஒன்றும் இல்லை, காருக்கு ஒரு கீறல் கூட இல்லை, பயப்படாதே. வந்த திசையைப் பார்த்துக்கொண்டு கார் நின்றது. பின்னால் மெதுவாக வந்த டவுன் பஸ் டிரைவர் பக்கத்தில் நிறுத்தி எட்டிப் பார்த்து, “ஏனுங்க, ஊட்டுல எதாச்சும் மறந்துபோட்டு வந்துட்டீங்களா?” என்று கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். மஜீத் பாய் தைத்த புது சீட் காலியாக மழையில் நனைந்துகொண்டிருந்தது. மூட்டை இல்லாதது மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். ரோடு ஈரம், பின்னால் இருக்கிற டேங்கில் பெட்ரோல் குறைவு, ஸ்டெப்னி இல்லை, என் காலில் கோபம். ஆனால் ஆள் இருக்கிறது என்று வைத்துப் பங்கு பிரித்துவிட்டு ஆள் இல்லாமல் ஓட்டினேன், அடிப்படை அதுதான்.

நேற்று அம்மா மெசேஜ் அனுப்பினாள். கேம்ப் ஜனவரியில்தானாம், டிசம்பரில் ஒன்றும் இல்லையாம். நாய்னா திட்டுவார் என்று பயமாக இருக்கிறது, அதுதான் காரணம் என்று நீ அவளிடம் சொன்னாயாம். ரெண்டு வருடத்துக்கு முன்னால் பிரேக் குழாயில் இருக்கிற காற்றை எடுக்கும்போது உன்னைப் பெடலை அழுத்தச் சொன்னேனே, அதைத்தான் சொல்கிறாய் என்று படித்தவுடன் தெரிந்துவிட்டது. கீழே நான் காற்றுத் திருகை மூடுவதற்குள் நீ பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாய், காற்று திரும்ப உள்ளே போய்விட்டது, ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரியாதா என்று கத்தினேன். நீ அழவில்லை, இறங்கிப் போய் மஜீத் பாய் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய், அடுத்த ரெண்டு நாள் ஷெட்டுப் பக்கமே வரவில்லை. நான் அதை மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். மறக்கவில்லை, ஆனால் அது உன் தப்பு என்றே வைத்திருந்தேன். இன்று காலையில் அந்தப் பெடலுக்கு முன்னால் குனிந்து டேப் வைத்து அளந்து பார்த்தேன். ஒன்பது வயதுக் கால் அதற்கு எட்டாது. சீட்டின் நுனியில் தொங்கிக்கொண்டு கால் நடுங்க நடுங்க அழுத்தியிருக்கிறாய். அந்த நேரத்தில் நான் கீழே காற்றுத் திருகை மூடாமல் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது, அம்மணி. திட்டினதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பேசினதற்கும் சேர்த்து.

இப்போது என்ன செய்திருக்கிறேன் என்று சொல்கிறேன். திருகை நான் ஒருவன் மட்டும் போகிற எடைக்கு மாற்றிவிட்டேன். விதி அதுதான், ஆள் குறைவாக இருக்கும்போது எது பத்திரமோ அதற்குத்தான் நிறுத்த வேண்டும், எனக்குத் தெரிந்த விதிதான், கைதான் போக மறுத்தது. கூடவே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போனாலும் ஒன்றும் ஆகாது, நிற்க இரண்டு அடி கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். திருகு இப்போது நிற்கிற இடத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். இன்னொரு கோட்டுக்கு இடம் விட்டிருக்கிறேன், இன்னும் போடவில்லை. வா என்றும் சொல்லவில்லை வராதே என்றும் சொல்லவில்லை, நீயே யோசித்துச் சொல், கேம்ப் என்று காரணம் தேட வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுது, நான் கத்த மாட்டேன். வந்தால் காரைத் தொடவே வேண்டாம், பூனைக்குட்டிகளோடு இருக்கலாம். தொட வேண்டும் என்று தோன்றினால், பெடல் மேல் வைத்துப் பூட்டுகிற மாதிரி ஒரு மரக்கட்டை செதுக்கி வைத்திருக்கிறேன், இந்தத் தடவை கால் எட்டும்.

மழையில் சைக்கிளில் ஸ்கூலுக்குப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். வலது கைப் பிடி முன் சக்கரம், அதை மட்டும் வெடுக்கென்று பிடிக்காதே. இரண்டையும் சேர்த்து மெதுவாக ஆரம்பித்துப் போகப் போக அழுத்து, ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பார். தலையைத் துவட்டாமல் வகுப்பில் உட்காராதே. அம்மாவைக் கேட்டதாகச் சொல். நான் அனுப்பின தீபாவளிச் சட்டை முழங்கையோடு நின்றுவிட்டது என்றாயே, அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம், யாராவது சின்னப் பிள்ளைக்குக் கொடுத்துவிடு.

காய்ச்சல் தலைவலி அண்டாமல், கேட்க நினைத்ததைக் கேட்கிற தைரியத்தோடு, நிறைய நாள் சிரித்துக்கொண்டிரு கண்ணு. தாத்தாவும் இதையேதான் சொல்லச் சொன்னார், சுருக்கமாக.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஷூ போட்டுக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, எத்தனை கிலோ என்று எழுதி அனுப்பு. டிசம்பரில் வராவிட்டாலும் அனுப்பு. 24.5க்குக் கீழே சுவர் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் நாய்னா
வம்சி