சிம்பனி நடுவில் நின்றபோது

மாஸ்டர்,

இன்று காலை, துணி வெட்ட அளவு வைக்கும் பழைய பேட்டர்ன் அட்டைகளைக் கழித்தோம். குழந்தைகள் டிஷர்ட்டின் கை அட்டை ஒன்றில், அளவுகளுக்குக் கீழே உங்கள் பென்சில் எழுத்து: வேகம், மெது, ஆட்டம், ஓட்டம். "இது என்ன சைஸுங்க மேடம்?" என்றாள் உடனிருந்த பெண். ஒரு சிம்பனியின் நான்கு பகுதிகள் என்று சொல்லத் தோன்றவில்லை. அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஞாயிறுகளில் நீங்கள் தேவாலயத்து வயலின்காரர்; மற்ற நாட்களில் எங்கள் கம்பெனியின் பேட்டர்ன் மாஸ்டர். நீங்கள் அந்தச் சிம்பனியை எனக்குப் போட்டுக் காட்டிய சமயம், நான் என் தங்கையோடு பேசி ஒன்பது வருடமாகியிருந்தது. தன் விருப்பப்படி மணம் செய்துகொண்டு சோமனூர் போனவளை அப்பா ஒதுக்கினார், நானும் ஒதுக்கினேன். அப்பா மனம் இளகிய பிறகும் நான் இறங்கவில்லை. அறுந்தது அறுந்ததுதான் என்றிருந்தேன். இது உங்களுக்குத் தெரியாது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் டேபிளில் போனைச் சாய்த்துவைத்து, இருநூறு வருடத்துக்கும் பழைய அந்த இசையைப் போட்டீர்கள். "பாருங்க மேடம், ஒரு கேள்வி, அதே நீளத்துல ஒரு பதிலு. சட்டையோட முன்பக்கமும் பின்பக்கமும் தோள்ல பொருந்துறாப்புல."

"ரொம்பக் கச்சிதமா இருக்குங்க. மனுசங்க இப்படியா இருக்கறாங்க?"

"பொறுங்க. எழுதுன ஆளு குறும்புக்காரரு."

மெதுவாகப் போன வயலின்கள்மேல் திடீரென மொத்த வாத்தியக் கூட்டமும் ஓங்கி அடித்தது. பிறகு மூன்று தட்டில் ஒரு நடனம். கடைசிப் பகுதி வேகமெடுத்து ஓடி, உச்சத்தில், சொல்லிக்கொண்டிருந்ததன் பாதியில், சட்டென்று நின்றது.

நான் எழுந்து கதவுவரை போய்விட்டேன்.

கீழே அப்பாவின் நிட்டிங் மிஷின்கள் ஓட, மாடியில் வளர்ந்தவர்கள் நாங்கள். சத்தம் நின்றால் நூல் அறுந்துவிட்டது என்று பொருள். யார் முதலில் படியிறங்கி ஓடுவது என்று எனக்கும் தங்கைக்கும் போட்டி நடக்கும்.

"கரண்டு போகலீங்க மேடம், உக்காருங்க!" என்ற செக்கிங் பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "ஒண்ணும் அறுந்து போகலீங்க. வாசிக்கறவங்க தாளத்த எண்ணிட்டிருக்கறாங்க. அந்த நிறுத்தமும் எழுதி வெச்சதுதான்." சொல்லி முடிப்பதற்குள் எல்லா வாத்தியங்களும் ஒன்றாக மறுபடி ஒலித்தன.

இசை மனிதரை மாற்றும் என்பதை நான் இப்போதும் நம்பவில்லை. ஆனால் அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் நின்று தங்கையைப் போனில் அழைத்தேன். எடுத்தாள், பேசவில்லை. வேறொரு நாளென்றால் துண்டித்திருப்பேன். எண்ணினேன். பதினொன்று வந்தபோது, "சாப்டியாக்கா?" என்றாள். என் பஸ் வந்து போனது. நான் ஏறவில்லை.

இப்போதும் பேச்சின் நடுவே அவள் மௌனமாகிவிடுவதுண்டு. பழைய கோபம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, இருக்கத்தான் செய்யும். அவசரப்பட்டு எதையாவது சொல்லி நான் அந்த இடத்தை நிரப்புவதில்லை. இயல்பில் நான் பொறுமைசாலி இல்லை. இந்தக் காத்திருப்பு உங்கள் மேசையிலிருந்து எடுத்துப் போனது.

வீட்டு விஷயத்தை வேலையிடத்தில் பேசிப் பழக்கமில்லாததால் உங்களிடம் இதைச் சொல்லவேயில்லை. நன்றி சொல்ல நாளிருக்கிறது என்றும் நினைத்துவிட்டேன். தேவாலயத்தில் நடந்த உங்கள் அடக்க ஆராதனைக்கு அவளும் என்னோடு வந்திருந்தாள். கடைசி வரிசையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவரு யாருக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

"கூட வேல பாத்தவரு" என்றேன்.

அது போதாது, மாஸ்டர்.